இங்கிலாந்துக் கிராமத்தின் வரலாற்றை வயலிலிருந்து படிப்பது எப்படி

இங்கிலாந்தில் ஒரு கிராமத்தின் கதையைத் தெரிந்துகொள்ளக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேரே சர்ச்சுக்குள்தான் போவார்கள். அங்கே கல்லில் படுத்திருக்கும் பிரபுவைப் படம் எடுத்துவிட்டு, பக்கத்துப் பப்பில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் சொல்லும் வழி வேறு. முதலில் வயலில் இறங்குங்கள். யார் எங்கே உழுதார்கள், எதைப் பொதுவில் வைத்தார்கள், வரப்புத் தகராறை யார் தீர்த்துவைத்தார்கள் என்று தெரிந்துவிட்டால், சர்ச்சும் கோட்டையும் கல்லறையும் தாமாகவே அதனதன் இடத்தில் வந்து நிற்கும்.

தமிழ்நாட்டு நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மகள் குடும்பத்தோடு நாட்டிங்காம்ஷயரில் இருக்கிறேன். சுற்றுவட்டாரக் கிராமங்களைப் பழைய வரைபடத்தோடு நடந்து பார்ப்பதில்தான் என் பொழுது போகிறது. அவற்றில் என் மனத்துக்கு மிகவும் பிடித்த ஊர் லாக்ஸ்டன். அந்த ஊரை வைத்தே முறையைச் சொல்கிறேன். நீங்கள் குடியிருக்கும் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துக்கும் இதே முறை பொருந்தும்.

லாக்ஸ்டன் நியூவார்க்குக்கு வடக்கே, டக்ஸ்ஃபோர்டுக்கும் ஒல்லர்ட்டனுக்கும் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். இடைக்காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுக்க இருந்த திறந்தவெளி வயல் முறை இன்றும் உயிரோடு நடக்கும் ஊர் இது. ஊரைச் சுற்றி வேலியே இல்லாத மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். ஒரு குடியானவரின் நிலம் ஒரே இடத்தில் இருக்காது. மூன்று வயல்களிலும் நீள நீளப் பட்டைகளாகச் சிதறிக் கிடக்கும். நல்ல மண், மோசமான மண், மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் எல்லோருக்கும் ஒரு பங்கு. மூன்று வயல்களில் ஒன்றில் இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைத்த பயிர், மூன்றாவது தரிசு. மறு வருஷம் இது அப்படியே ஒரு சுற்று மாறும். பட்டை என்னுடையதுதான் என்றாலும், அதில் என்ன விதைப்பது, எப்போது தரிசு விடுவது என்பதை ஊர்தான் முடிவு செய்யும். அதுதான் இந்த முறையின் உயிர்.

கிளம்புவதற்கு முன்

பாதி வேலையை வீட்டு மேஜையிலேயே முடித்துவிடலாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனம் போட்ட இங்கிலாந்தின் பழைய வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் 19ஆம் நூற்றாண்டில் போட்ட தாளைத் திறந்து, பக்கத்திலேயே இன்றைய செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து நகர்த்திப் பார்க்கலாம்.

முதலில் வேலிகளை மட்டும் பாருங்கள். வேறு எதுவும் கண்ணில் படவேண்டாம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக, சதுரம் சதுரமாக வேலிகள் ஓடினால், அந்த நிலம் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டிலோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ பார்லிமென்ட் சட்டத்தின் மூலம் அடைக்கப்பட்டது, அதாவது திறந்த வயலைத் தனித்தனிச் சொத்தாகப் பிரித்து வேலி போட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 1604 முதல் 1914 வரை இப்படி 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலம் அவற்றால் கைமாறியது. அந்த வேலிகளை மேஜையில் உட்கார்ந்து வரைந்தவன் ஒரு சர்வேயர். என் துறைக்காரன் கைவேலை என்பதால் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிடும். அதே காலத்துச் சாலைகளும் அப்படித்தான்: அம்பு விட்டதுபோல நேராகப் போகும், இரண்டு பக்கமும் அகலமான புல் ஓரம், அதற்கு வெளியே ஹாதார்ன் முள்வேலி. மாறாக வேலி லேசாக வளைந்து, தலைகீழாகப் போட்ட எஸ் எழுத்துப்போல ஓடினால், அது பழைய உழவுப் பட்டையின் விளிம்பு. ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசி, பட்டைகளை மாற்றிக்கொண்டு, இருந்த வரப்பின்மேலேயே வேலி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது பண்ணை வீடுகள் எங்கே இருக்கின்றன என்பது. வயல் நடுவே தனியாக ஒரு வீடு, அதற்கு வாட்டர்லூ பண்ணை என்றோ டிரஃபால்கர் பண்ணை என்றோ பெயர் இருந்தால், நிலத்தை அடைத்த பிறகு ஊரைவிட்டு வெளியே போய்க் கட்டிய வீடு அது என்று ஊகிக்கலாம். ஊருக்குக் கடைக்கோடியில் இருக்கும் வயலுக்கு பாட்டனி பே என்று பெயர் வைத்திருப்பார்கள். கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய ஆஸ்திரேலியக் கடற்கரையின் பெயர் அது. அவ்வளவு தூரம் நடக்கவேண்டியிருந்தது என்று அர்த்தம். லாக்ஸ்டனில் இந்த இரண்டும் தேவைப்படவில்லை. அங்கே பெரும்பாலான பண்ணை வீடுகள் இன்றும் ஊர்த் தெருவிலேயே, ஒன்றையடுத்து ஒன்றாக, பல வீடுகள் பக்கச்சுவரைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. நிலம் மூன்று திசையிலும் சிதறிக் கிடக்கும்போது யார் எந்த மூலையில் போய் வீடு கட்டுவார்கள்? பழைய நிலப் பங்கீட்டுக்குத் தெருவே சாட்சி.

மூன்றாவதாக, லைடார் படம். விமானத்திலிருந்து லேசர் அனுப்பித் தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் முறை இது. என்விரான்மென்ட் ஏஜென்சி என்ற அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு இதை இலவசமாகத் தருகிறது. புல் மூடிய மேய்ச்சல் நிலத்தில் கண்ணுக்குத் தெரியாத பழைய உழவு மேடுகள் இதில் பளிச்சென்று தெரியும்.

இவற்றோடு 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே பதிவையும் பார்த்துவிடுங்கள். ஓப்பன் டூம்ஸ்டே என்ற தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் வந்துவிடும். வில்லியம் மன்னர் நாட்டைப் பிடித்து இருபது வருஷம் கழித்து, எந்த ஊரில் என்ன வரும் என்று எடுத்த கணக்கு அது. லாக்ஸ்டன் முன்பு டோக்கி என்பவரிடம் இருந்தது, பிறகு ஜெஃப்ரி அல்செலின் கைக்குப் போனது, ஊரின் மதிப்பு 9 பவுண்டிலிருந்து 6 பவுண்டாக இறங்கியது என்று அதில் இருக்கிறது. இரண்டு வரியில் ஒரு படையெடுப்பே அடங்கிவிட்டது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அதில் வரும் ஆள் எண்ணிக்கை குடும்பத் தலைவர்களைக் குறிப்பது. அதையே ஊரின் மக்கள்தொகை என்று எழுதிவிடக் கூடாது.

1635ஆம் ஆண்டு வரைபடம்

எல்லாக் கிராமத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது. 1625இல் லாக்ஸ்டன் பண்ணையை சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வியாபாரி வாங்கினார். வாங்கிய சொத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மார்க் பியர்ஸ் என்ற சர்வேயரை வைத்து ஊர் முழுவதையும் அளந்தார். 1635இல் முடிந்த அந்தப் பெரிய வரைபடம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பட்டை பட்டையாக ஒவ்வொரு துண்டும் அதில் வரையப்பட்டிருக்கிறது. கூடவே யாருக்கு எந்தத் துண்டு, எத்தனை ஏக்கர் என்று எழுதிய பதிவேடும் உண்டு. நம் ஊரில் புலப்படமும் அ-பதிவேடும் சேர்ந்து இருப்பதுபோல.

அந்த வரைபடத்தின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பியர்ஸ் வெறும் கோட்டோடு நிற்கவில்லை. வயலில் ஏர் ஓட்டுகிறவர்களையும் அறுவடை செய்கிறவர்களையும் வேட்டைக்காரர்களையும் மானையும் குட்டிக் குட்டியாக வரைந்திருக்கிறார். இத்தனை வருஷம் புலப்படம் பார்த்த எனக்கு, அளவை வரைபடத்தில் உழைக்கிறவனுக்கும் இடம் கொடுத்த ஒரு சர்வேயரைப் பார்த்ததில் சொல்லமுடியாத சந்தோஷம். உங்கள் கிராமத்துக்கு இப்படி ஒரு பண்ணை வரைபடம் இருக்கிறதா என்று மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கட்டாயம் கேளுங்கள். பெரிய பிரபுக் குடும்பத்தின் கையில் இருந்த ஊர் என்றால் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வயலில் நடப்பது

ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சை நிறத்தில் விட்டுவிட்டுப் போட்டிருக்கும் கோடுகள் பொது வழிகள். மஞ்சள் அம்பு போட்ட கம்பம் நடைபாதை, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. அந்தப் பாதையில் யாரையும் கேட்காமல் நடக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. திறந்த கேட்டைத் திறந்தபடியே விடுங்கள், மூடிய கேட்டை மூடிவிட்டுப் போங்கள். களிமண் பூமி, ரப்பர் பூட்ஸ் இல்லாமல் மழைக்காலத்தில் இறங்கவே முடியாது.

பழைய உழவு மேட்டைப் பார்ப்பதற்குக் குளிர்கால மதியம்தான் நல்ல நேரம். வெயில் தாழ்வாக விழும்போது, இல்லாவிட்டால் லேசாகப் பனி தூவியிருக்கும்போது, மேய்ச்சல் நிலத்தில் மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தெரியும். இது எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால் மறக்கமாட்டீர்கள். அந்தக் காலத்துக் கலப்பையின் பலகை மண்ணை எப்போதும் வலது பக்கமே புரட்டும். உழுகிறவர் பட்டையின் நடுவில் தொடங்கி, வலது கைப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வெளியே வருவார். ஒவ்வொரு சாலிலும் மண் நடுப்பக்கமாகச் சாயும். வருஷா வருஷம் இப்படியே உழுததில் நடு உயர்ந்து மேடானது, ஓரம் வடிகாலானது. எட்டு மாடு வரைக்கும் பூட்டிய நீளமான ஏர், பட்டையின் கடைசிக்கு வந்ததும் சட்டென்று திரும்பமுடியாது. முன்னாலேயே இடது பக்கமாக ஒதுங்கத் தொடங்கவேண்டும். அதனால்தான் பட்டை வளைந்திருக்கிறது. மேட்டின்மேல் நின்று, கடைசியில் அது எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். அறுநூறு வருஷத்துக்கு முந்தைய மாட்டின் திருப்பம் அது.

நீள அளவையும் காலால் எடுத்துப் பாருங்கள். கணக்குப்படி ஒரு பட்டையின் நீளம் ஒரு ஃபர்லாங், அதாவது 220 கெஜம். அகலம் ஒரு சங்கிலி, 22 கெஜம். இரண்டையும் பெருக்கினால் ஒரு ஏக்கர். ஒரு ஏர் ஒரு நாளில் உழக்கூடியது என்று வைத்திருந்த அளவு அது. மண்ணின் வாட்டத்துக்கு ஏற்ப உண்மையான பட்டைகள் கூடியும் குறைந்தும் இருக்கும். 1620இல் எட்மண்ட் கண்டர் 66 அடிச் சங்கிலியை நூறு லிங்க்காகப் பிரித்து அளவைக் கருவி ஆக்கினார். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அந்தச் சங்கிலி கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட் ஆனது. இன்றைக்கு நம் ஊரில் மனை வாங்குகிறவர் சென்ட் கணக்குப் பேசும்போது, அதன் பின்னால் இந்த வயல் பட்டை இருக்கிறது. என் பணிக்காலம் முழுக்க அந்த அளவோடு வாழ்ந்துவிட்டு, அது பிறந்த மண்ணின்மேல் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை.

லாக்ஸ்டனில் இன்று பார்க்கும் பட்டைகள் அந்தப் பழைய அளவைவிடப் பெரியவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்போதைய உரிமையாளர் மேன்வர்ஸ் பிரபு, சிறு துண்டுகளைச் சேர்த்துக் குறைவான எண்ணிக்கையில் பெரிய பட்டைகளாக ஆக்கினார். டிராக்டரும் வந்துவிட்டது. ஆனால் முறை மாறவில்லை. வயலுக்கு நடுவே, உழ முடியாத ஈரப் பள்ளங்களிலும் சரிவுகளிலும் நீளமாகப் புல்தரை விட்டிருப்பார்கள். சைக்ஸ் என்று பெயர். கோடையில் அந்தப் புல்லை ஏலம் விடுவார்கள். ரசாயன உரம் பெரிதாகப் படாத நிலம் என்பதால் வேறு இடத்தில் காணாமல் போன காட்டுப் பூக்கள் அங்கே இருக்கின்றன. அரசே அதைப் பாதுகாக்கப்பட்ட தலமாக அறிவித்திருக்கிறது. ஜூன் மாதம் போனால் கண்ணுக்கு விருந்து.

வரப்புத் தகராறைத் தீர்க்கும் மன்றம்

வேலி இல்லாத வயலில் பக்கத்துக்காரன் ஒரு சால் தள்ளி உழுதால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை எந்த ஊருக்குப் போனாலும் கேளுங்கள். பதில் கிடைக்கும் இடத்தில்தான் அந்த ஊரின் வரலாறு இருக்கிறது.

லாக்ஸ்டனில் பதில் இன்றும் கண்முன்னால் நடக்கிறது. நவம்பர் கடைசி வாக்கில், புதிதாகக் கோதுமை விதைத்த வயலை ஊர் ஜூரி சுற்றிப் பார்க்கிறது. ஜூரி என்றால் அந்த வயல்களில் பயிர் செய்யும் குடியானவர்கள்தான். டிராக்டர் டிரெய்லரில் ஏறிப் போய், பட்டைக்கும் புல்தரைக்கும் நடுவே, பட்டைக்கும் வண்டிப்பாதைக்கும் நடுவே எல்லைக் குச்சிகளை அடித்து வைக்கிறார்கள். யாராவது பாதையை உழுதிருந்தால், எல்லை தாண்டியிருந்தால் குறித்துக்கொள்கிறார்கள். மத்தியானம் டவ்கோட் இன் என்ற ஊர்ப் பப்பில் சாப்பாடு. ஒரு வாரம் கழித்து கோர்ட் லீட் என்ற பழைய பண்ணை மன்றம் கூடுகிறது. அந்த மன்றத்தில் குற்றம் படிக்கப்பட்டு, அபராதம் உறுதியாகிறது. அடுத்த வருஷத்து ஜூரியும் அங்கேதான் நியமிக்கப்படுகிறது. 1977இல் வந்த சட்டம் இப்படிப்பட்ட பழைய பண்ணை மன்றங்களின் அதிகாரத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது. லாக்ஸ்டன் மன்றத்துக்கு விலக்கு கொடுத்தார்கள்.

அந்தக் குச்சி ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சாதாரணமாகச் சீவிய மரக்குச்சி. ஒரு பக்கம் கலப்பை புரட்டிய ஈரக் களிமண் பளபளவென்று கிடக்கும், மறு பக்கம் வெளிறிய புல். நடுவில் கம்பி இல்லை, கல் இல்லை. ஊர் ஒப்புக்கொண்டது என்பதுதான் எல்லை. நான் நட்ட கருங்கல்லைப் பிடுங்கிப் போட்டவர்களை எத்தனையோ பேரைப் பார்த்தவன் என்பதால், இந்த மரக்குச்சியின் பலம் எனக்குத் தெரியும்.

பிண்டர் என்று ஒரு பொறுப்பும் உண்டு. ஊர் மேயும் மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்கும் ஆள் அவர். பழைய கிராமங்கள் பலவற்றில் தெருவோரமாகச் சின்னக் கல் சுவரோ செங்கல் சுவரோ வளைத்துக் கட்டிய பட்டி இன்னும் நிற்கும். பூங்கா பெஞ்சு போட்டிருப்பார்கள், பேருந்துக்குக் காத்திருப்பார்கள். விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி மாட்டைப் பவுண்டில் அடைத்த அதே வழக்கம்தான்.

மற்ற ஊர்களில் மன்றம் போய்விட்டது, அதன் தாள்கள் இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் மேனோரியல் டாக்குமென்ட்ஸ் ரெஜிஸ்டர் என்ற, பிரபுக்களின் பண்ணை ஆவணங்களுக்கான அட்டவணை இருக்கிறது. ஊர்ப் பெயரைத் தேடினால் எந்த வருஷத்து மன்றப் பதிவு எங்கே இருக்கிறது என்று காட்டும். லாக்ஸ்டனுடையவை நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் மேன்வர்ஸ் தொகுப்பில் இருக்கின்றன. 1733க்கு முந்தைய பதிவுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். பயப்படவேண்டாம், சொல்வது திரும்பத் திரும்ப ஒன்றேதான்: இன்னார் சாக்கடையைத் தூர்வாரவில்லை, இன்னார் பன்றியை அவிழ்த்து விட்டார், இத்தனை பென்ஸ் அபராதம்.

நிலம் யார் கையில் இருந்தது என்ற தொடரையும் குறித்துவையுங்கள். லாக்ஸ்டன் 1952இல் மேன்வர்ஸ் குடும்பத்திடமிருந்து விவசாய அமைச்சகத்துக்கும், 1981இல் மன்னர் பெயரில் உள்ள பொதுச் சொத்தை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட்டுக்கும் போய், 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கு, அதாவது பழைய மேன்வர்ஸ் சொத்தின் வாரிசுகளிடமே, திரும்பியது. இத்தனை கை மாறியும் மூன்று வயலும் மன்றமும் தப்பித்ததற்குக் காரணம் பட்டை பிடித்து உழுகிறவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். குளிரில் வருஷா வருஷம் வயல் சுற்ற அவர்கள் வராவிட்டால் எந்தச் சட்டமும் இதைக் காப்பாற்றியிருக்காது.

இப்போது சர்ச்சுக்கும் கோட்டைக்கும்

லாக்ஸ்டனின் வடக்குப் பக்கம் ஒரு பெரிய மண் கோட்டை இருக்கிறது. கல் கட்டுமானம் பெரிதாக மிச்சமில்லை. குவித்த மண்மேடும் சுற்றிய அகழியும் மட்டும்தான். நார்மன் காலத்தில் ஷெர்வுட் காட்டைக் கண்காணிக்கும் குடும்பம் இருந்த இடம். இந்த மாவட்டத்திலேயே நன்றாக நிலைத்திருக்கும் மண் கோட்டை இதுதான். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால் தெருவும் வயலும் கையில் ஏந்திய தட்டுப்போல விரிந்து கிடக்கும்.

செயின்ட் மைக்கேல் சர்ச்சில், இடைக்காலத்தில் இந்த ஊரின் பிரபுக்களாக இருந்த எவரிங்காம் குடும்பத்தாரின் படுத்த சிலைகள் இருக்கின்றன. கல் சிலைகளோடு ஒரு பெண்ணின் மரச் சிலையும் உண்டு. இடைக்கால மரச் சிலை தப்பிப் பிழைப்பது மிக அபூர்வம், அதன் பக்கத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். ஆனால் எந்தச் சர்ச்சிலும் சுவரை நம்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: விக்டோரியா காலத்தில் என்ன செய்தார்கள்? 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரும்பாலான சர்ச்சுகளைப் பிரித்துத் திருத்திக் கட்டினார்கள். லாக்ஸ்டனிலும் 1860 வாக்கில் அது நடந்தது. பழையது என்று நீங்கள் தொடும் கல் அப்போது மாற்றிவைத்ததாக இருக்கலாம்.

கல்லறைக் கல்லைத் தேய்க்காதீர்கள், சாக்பீஸ் பூசாதீர்கள், ப்ளீச் வேண்டவே வேண்டாம். எழுத்து மங்கியிருந்தால் ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நிழலில் எழுத்து எழுந்து வரும். போர் நினைவுக் கல்லில் உள்ள பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடலாம். லாக்ஸ்டனுக்குச் சில மைல் தெற்கே இருக்கும் மேப்பிள்பெக், முதல் உலகப் போருக்குப் போன எல்லோரும் உயிரோடு திரும்பிய அரிய ஊர்களில் ஒன்று. அங்கே அந்தப் போரில் இறந்தவர் பெயர் கொண்ட கல்லைத் தேடி அலையவேண்டாம்.

தாள்களுக்குள் போவது

மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு முன்பதிவு செய்துவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள். பேனா அனுமதி இல்லை, பென்சில் மட்டும். பை லாக்கருக்குள் போய்விடும். அங்கே வேலை செய்கிறவர்களிடம் என்ன தேடுகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். இன்ன ஊரில் இன்ன வயலை 1840இல் யார் வைத்திருந்தார் என்று குறிப்பாகக் கேட்டால் அவர்கள் மலையைப் புரட்டியாவது எடுத்துத் தருவார்கள்.

முதலில் கேட்கவேண்டியது தசமபாக வரைபடம். சர்ச்சுக்கு விளைச்சலில் பத்தில் ஒன்று கொடுத்ததைப் பணமாக மாற்ற 1836இல் சட்டம் வந்தது. அதற்காக ஊர் ஊராக வரைபடம் போட்டார்கள். கூடவே வரும் பட்டியலில் ஒவ்வொரு வயலின் உரிமையாளர், பயிர் செய்கிறவர், வயலின் பெயர், உழவா மேய்ச்சலா என்பது, பரப்பு எல்லாம் இருக்கும். பரப்பு ஏக்கர், ரூட், பெர்ச் என்று மூன்று பத்தியாக வரும்: 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். சில ஊர்களுக்கு இந்த வரைபடமே இருக்காது. நிலத்தை அடைத்தபோதே தசமபாகத்துக்குப் பதிலாக நிலம் கொடுத்துக் கணக்கை முடித்திருப்பார்கள். அப்போது அடைப்புத் தீர்ப்பையும் அதன் வரைபடத்தையும் கேளுங்கள்.

அடுத்து சர்ச் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கவேண்டும் என்று 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டார். 1640களிலும் 50களிலும் உள்நாட்டுப் போரால் பல ஊர்களில் இடைவெளி விழுந்திருக்கும். தேதியில் ஒரு பொறி இருக்கிறது: 1752க்கு முன்பு புத்தாண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. ஆகவே 1665 டிசம்பருக்கு அடுத்த மாதம் 1665 ஜனவரி என்றே எழுதியிருக்கும். நீங்கள் குறிக்கும்போது 1665/66 என்று இரண்டையும் போடுங்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடக்கப் பதிவுகளின் ஓரத்தில் அஃபிடவிட் என்பதன் சுருக்கம் திரும்பத் திரும்ப வரும். பிணத்தைக் கம்பளித் துணியில்தான் சுற்றிப் புதைத்தோம் என்று சத்தியம் செய்ததற்கான குறிப்பு அது. ஆட்டுக் கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்ற அப்படி ஒரு சட்டம். மீறினால் 5 பவுண்டு அபராதம். அந்தச் சின்னச் சுருக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம், துக்க வீட்டிலிருந்து ஒருவர் சத்தியம் செய்யக் கிளம்பிப் போனது என் கண்முன் வரும்.

மக்கள்தொகைக் கணக்கு எளிது. 1841 முதல் 1921 வரை பெயரோடு கிடைக்கும். 1931 தாள்கள் தீயில் போய்விட்டன, 1941இல் எடுக்கவில்லை. அந்த இடைவெளிக்கு, போர் தொடங்கியபோது மக்களைப் பெயரோடு குறித்த 1939 பதிவேடு உதவும். போர்க்காலத்தில் 1941 முதல் 1943 வரை ஒவ்வொரு பண்ணையையும் அரசு ஆய்வு செய்த தாள்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எத்தனை குதிரை, எத்தனை டிராக்டர், குடியானவர் திறமைசாலியா என்பது வரை எழுதியிருக்கும். இதைப் பலரும் எடுத்துப் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள்.

ஊர் மனிதர்கள்

நேரே போய் உங்கள் ஊர் வரலாறு சொல்லுங்கள் என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒரு வரைபட நகலை மேஜையில் விரித்து, இந்த வயலுக்கு இப்போது என்ன பெயர் என்று கேளுங்கள். இங்கே பெரியவர்கள் அதற்கு விரல் வைக்காமல் இருக்கவே மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேநீர் கொடுக்கும் நேரமும், பப்பில் கூட்டம் சேர்வதற்கு முந்தைய நேரமும் நல்லது. என் நிறத்தையும் பேச்சையும் பார்த்து முதலில் சிலர் தயங்குவார்கள். மரவேலி போடும் முறை பற்றியோ களிமண் வடிகால் பற்றியோ இரண்டு கேள்வி கேட்டதும் அது போய்விடும். விவசாயிக்கு விவசாயம் தெரிந்தவன் அந்நியன் அல்ல.

1965இல் விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற மகளிர் அமைப்பின் பொன்விழாவுக்காகப் பல கிராமத்துப் பெண்கள் தங்கள் ஊரைப் பற்றி அந்த வருஷத்துக்கான ஒட்டுப் புத்தகம் (ஸ்கிராப்புக்) தயாரித்தார்கள். கடை விலை, துணி மாதிரி, புகைப்படம், யார் எந்த வீட்டில் என்பது வரை ஒட்டியிருப்பார்கள். காப்பகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஊரில் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும். அதுபோல 1894க்குப் பிறகான பாரிஷ் கவுன்சில் என்ற ஊர் மன்றத்தின் குறிப்பேடுகளையும் கேளுங்கள்.

எழுதும்போது ஒவ்வொரு தகவலுக்கும் எந்தத் தாள், எந்த எண் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டதை யார் சொன்னது, எப்போது என்று தனியாக எழுதுங்கள், சொன்னவரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். வயல் பெயர்களை இன்றைய வரைபடத்தின்மேல் எழுதி ஒரு தாளாகத் தயார் செய்யுங்கள். அந்தத் தாளில் ஒரு நகல் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு, ஒன்று ஊர் சர்ச் வார்டனுக்கு, ஒன்று அந்த வயலை இப்போது உழுகிறவருக்கு.